நான் எழுதிக் கொடுத்த தூசணப் பட்டியல்

கனடாவில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், வாகன உதிரிப்பாகங்கள் வைக்கும் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சரிபார்த்து, சிட்டை ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் நான் படித்தவள். சோவியத் நாடு புலமைப்பரிசில் கொடுத்து எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து போய் மாஸ்கோவில் ஆறு வருடம் பொறியியல் படித்தேன். இங்கே அந்தப் பட்டத்தை ஒருவரும் மதிக்கவில்லை. மொழி மட்டும் மறக்கவில்லை.

மாஸ்கோவில் எங்களுக்கு ரஷ்யமொழி படிப்பித்த ஆசிரியை, ஒரு சொல்லில் அழுத்தம் இடம் மாறினாலும் மறுபடி சொல்ல வைப்பார். அவர் சொல்லித்தராததை விடுதிப் படிக்கட்டிலும் டிராம் வண்டியிலும் கேட்டேன். ரஷ்யத் தூசணத்துக்கு, அதாவது கெட்ட வார்த்தைக்கு, அடிப்படை நாலே நாலு சொற்கள்தான். மிச்சமெல்லாம் அவற்றின் பிள்ளைகுட்டிகள். முன்னால் ஒன்றைச் சேர்த்து, பின்னால் ஒன்றைச் சேர்த்து, அந்த நாலை மட்டும் வைத்தே ஒரு முழு நாளைப் பேசிக் கடத்த முடியும். விடுதித் தோழி ஒருத்தி பொருள் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊர்த் தூசணம் போலவே அதுவும் யாரோ ஒருவரின் தாயில் போய்த்தான் முடிகிறது.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இருவர் ரஷ்யமொழி பேசுபவர்கள். ஒருவர் மொல்டோவாவிலிருந்து வந்தவர். மற்றவர் கசகஸ்தானில் பிறந்தவர். பெட்டி சரிந்தாலும் தூசணம், சரியாமல் நின்றாலும் தூசணம். தேநீர் நன்றாக இருந்தாலும் அதே சொல். சளி பிடித்தவன் நாள் முழுக்கக் காறுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போலிருக்கும்.

எனக்கு ரஷ்யமொழி தெரியும் என்பது எதிர் மேசையில் வேலை செய்யும் மன்னார்த் தம்பி ஒருவருக்குத்தான் தெரியும். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவர். ஒருநாள் அவரிடம் என் அருவருப்பைச் சொன்னேன்.

“விடுங்கோ அக்கா,” என்றார். “விளங்கினால்தானே தூசணம். விளங்காட்டி அது சும்மா சத்தம்.”

“எனக்கு விளங்குதே தம்பி.”

“அப்ப போய் முகாமையாளரிட்டைச் சொல்லுங்கோவன்.”

சொல்லவில்லை. வெட்கம்தான். தூசணம் விளங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், அவள் வாயிலும் அது இருக்கிறது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். இன்னொன்றும் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஓர் அற்ப சுகம். அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

என்னோடு ஒரே மேசையில் நின்றவள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். எங்களுக்குள் நல்ல ஒட்டு. மத்தியானம் என் கறியில் பாதி அவளுக்கு, அவளுடைய சோற்றில் பாதி எனக்கு. ஒவ்வொரு காலையும் கசகஸ்தான்காரர் அவளைக் கடந்து போகும்போது, புன்னகையோடு, ஒரு சொல்லால் அவளைக் கூப்பிடுவார். அந்த நாலு சொற்களின் பிள்ளைகுட்டிகளில் ஆகக் கேவலமானது அது. ஒருநாள் அவள் அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். “அழகி,” என்றார். அன்றிலிருந்து அவளும் கையை ஆட்டி, “bonjour” என்று வணக்கம் சொல்லி, அதே சொல்லை அவருக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். ஆண்கள் இருவரும் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். நான் குனிந்து சிட்டை உரித்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

போன மாரிக் குளிரில் ஒரு மாலை, நான் இருக்கும் ரொக்ஸ்பரோவுக்குத் திரும்பும் பேருந்தில் அவர்கள் இருவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். வழக்கமான பேச்சுத்தான், பேருந்து முழுக்கக் கேட்கும்படி. முன் இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பி ரஷ்யமொழியில் சொன்னார்: “பிள்ளைகளே, இங்கே மனிதர்களும் இருக்கிறார்கள்.”

கசகஸ்தான்காரர் சிரித்தார். “ரஷ்யாவில் என்றால் தண்டம் கட்டச் சொல்லுவார்கள் கிழவி. இது கனடா. இங்கே வாய்க்குச் சுதந்திரம்.” பிறகு அந்த அம்மாவின் வயதை வைத்து அசிங்கமாக ஒன்று சொன்னார். அவர் பையை மடியோடு இறுக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். காது மட்டும் சிவந்திருந்தது.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். ஆசிரியை கற்றுத்தந்த அதே சுத்தமான ரஷ்யத்தில், “வாயைக் கழுவிவிட்டுப் பேசுங்கள். இரண்டு வருடமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,” என்றேன்.

மொல்டோவாக்காரரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. “எல்லாமுமா?” என்றார்.

“எல்லாம்.”

அடுத்த தரிப்பிலேயே பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். மற்றவர் இறங்கவில்லை, சிரிப்பையும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை முகாமையாளரிடம் போய், இருவரும் பேசும் தூசணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கியூபெக்காரர். நான் சொன்னதைக் கேட்டதும் அதிர்ச்சியில் அவர் வாயிலிருந்து வந்ததும் ஒரு வசவுதான். இங்கத்தைய ஆட்கள் கோபம் வந்தால் தேவாலயத்துப் பொருள்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அவர் சொன்னது நற்கருணைப் பேழையை. கதவடியில் நின்ற மன்னார்த் தம்பி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“தடை செய்கிறேன்,” என்றார் முகாமையாளர். “ஆனால் எந்தச் சொல் என்று தெரியாமல் எதைத் தடை செய்வது? பொருளோடு எழுதிக் கொடுங்கள்.”

சாப்பாட்டு அறையில் இருந்து எழுதினேன். உச்சரிப்பு ஆங்கில எழுத்தில், பொருள் பிரெஞ்சில். பதினேழு வரி வந்தது. என் வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரிக்காத சொற்கள் என் கையெழுத்தில் வரிசையாகக் கிடந்தன. கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அப்போதும் சாப்பிடக் கொண்டுவந்த பாணைத் தொட மனம் வரவில்லை.

அதை அவர் தன் மேசைக்குள் வைத்திருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் தட்டச்சு செய்து, ‘தடைசெய்யப்பட்ட சொற்கள்’ என்று பெரிதாகத் தலைப்புப் போட்டு, மைக்ரோவேவுக்கு மேல் ஒட்டியிருந்தார். சாப்பாடு சூடாகும் வரைக்கும் ஆட்களுக்கு வாசிக்க வேறு என்ன இருக்கிறது? ஒரு கிழமைக்குள் கிடங்கு முழுவதும் அது பாடமாகிவிட்டது. பொதி கட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார்கள். மன்னார்த் தம்பியின் காலில் ஓர் இரும்புத் துண்டு விழுந்தபோது அவர் கத்தியது மூன்றாவது வரியை.

“தம்பி!”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. சுவரிலை கிடந்தது, வாயிலை வந்திட்டுது.”

இரண்டு வாயில் இருந்த ஊத்தையை இருபது வாய்க்கு நானே பரிமாறியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மைக்ரோவேவ் கூவி ஓய்ந்த பிறகும் பிலிப்பைன்ஸ் பெண் சாப்பாட்டை எடுக்காமல் நின்றாள். அவள் விரல் ஒரு வரியில் இருந்தது. உதடு அசைந்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

“இது நான்,” என்றாள். “என்னைக் கூப்பிடுகிற சொல்.”

தலையசைத்தேன்.

“நீதான் இந்தப் பட்டியலை எழுதினாயாம். அப்படியானால் நான் அவனுக்கு அதைத் திருப்பிச் சொன்னபோதெல்லாம், தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் நின்றாயா?”

“எனக்கு வெட்கமாக இருந்தது,” என்றேன்.

“உனக்கா?”

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நேரே முகாமையாளரிடம் போனாள். சொற்களைப் பற்றி அல்ல, அந்த ஆளைப் பற்றி முறைப்பாடு செய்தாள். எங்கள் நாட்டில் எல்லோரும் பேசுவதுதானே, பகிடிக்குச் சொன்னேன் என்று கசகஸ்தான்காரர் வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மொல்டோவாக்காரர் அவளிடம் வந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கு இப்போது பெட்டி சரிந்தால் மூச்சு மட்டும்தான் வருகிறது. பட்டியலையும் கழற்றிவிட்டார்கள். வாயில் ஏறிய சொற்களை மட்டும் யாராலும் கழற்ற முடியவில்லை.

“கடைசியிலை தடை செய்தது சரியோ பிழையோ அக்கா?” என்று தம்பி கேட்டார்.

“சொல்லைத் தடை செய்யப் போய்த்தானே இந்த நாத்தம் பரவினது,” என்றேன். “விளங்காத ஆளைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு தூசணம் சொல்லுறவனை முதல் நாளே நிப்பாட்டியிருக்க வேணும். நான் நிப்பாட்டேல்லை.”

அவள் வேறு மேசை கேட்டு மாறிப் போய்விட்டாள். ஒருநாள் அவளுக்குப் பிடித்த இறால் கறியைக் கொண்டுபோனேன். “Merci, எனக்குப் பசி இல்லை,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காலையில் கண்டால் இப்போதும் தலையசைக்கிறாள்.

என் மேசைக்குப் புதிதாக ஓர் அல்ஜீரியப் பெண் வந்திருக்கிறாள். வந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன்: “எனக்கு ரஷ்யமொழி தெரியும். தமிழும் தெரியும். இங்கே யாராவது இந்த மொழிகளில் உன்னை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் என்னிடம் கேள்.” அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சிட்டைச் சுருள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.