எரியாத எண்ணெய்

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் நான் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தபோது சுகுணாவின் தம்பி போன் செய்தான். "அண்ணா, அக்கா போயிடுச்சிண்ணா." கல்லீரல் நோய். குடி வாசனையே அறியாதவருக்குக் கல்லீரல் ஏன் கெட்டது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

முன்பு புத்தூர்ப் பக்கத்து நூற்பாலையின் மின்பிரிவில் சுகுணாவும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் மேற்பார்வையாளர், நான் ஸ்டோர். சேர்ந்த புதிதில் அவர், எண்ணெய் ஒழுகும் பழைய கெப்பாசிட்டர் ஒன்றின் அடியில் யாரோ தூக்குச்சட்டி வைத்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இது?"

"முட்டி வலிக்கு மேடம்," என்றார் ஃபிட்டர் முனிரத்தினம்.

எங்கள் ஆலையில் அது வழக்கம். புரட்டாசியில் திருமலைக்கு நடப்பவர்கள் ஆளுக்கொரு பாட்டில் 'கரெண்ட் எண்ணெய்' கொண்டுபோவார்கள். திரி போட்டாலும் அது எரியாது. நெருப்பே பற்றாத எண்ணெய் எவ்வளவு குளிர்ச்சி, உடம்புச் சூட்டோடு வலியையும் இழுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. தீப்பிடிக்கக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் அதைக் கெப்பாசிட்டரில் ஊற்றினார்கள். பிசிபி என்று பெயர். அது எளிதில் அழியாது, உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. உலகமே அதைத் தடை செய்தது. எங்கள் ஊர் முட்டிகளுக்கு மட்டும் சேதி வரவில்லை.

"குளிர்ச்சியும் இல்ல, மண்ணும் இல்ல. உள்ள பூந்துக்கினு ஒக்காந்துக்கும்," என்று சுகுணா கத்தினார்.

முதலாளியோடு மல்லுக்கட்டி, எண்ணெயே இல்லாத, பிளாஸ்டிக் படலம் சுற்றிய புதிய கெப்பாசிட்டர்களை வாங்க வைத்தார். பழையவற்றை டிரம்மில் அடைத்து, நச்சுக் கழிவு அழிக்கும் இடத்துக்கு அனுப்பினார். நாங்கள் இனிப்பு வாங்கினோம். அவர் தொடவில்லை. "புதுசு வந்துட்சின்னு குதிக்காதீங்க. பழசு எங்க போச்சின்னு கேளுங்க."

பழசு வீடுகளில் இருந்தது. ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டில்களை வாங்கி வந்தோம். பாலசமுத்திரத்தில் முனிரத்தினம் வீட்டில், அவர் மனைவி காலை நீட்டிக் கைக்குழந்தையைக் கிடத்தி அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காலு ஊனமாட்டேங்குது மேடம். பொறந்ததுலருந்து தேச்சிக்கினுதான் கீறோம்," என்றார் முனிரத்தினம்.

முதலாளியையே அதட்டிய சுகுணா குழந்தையை மெல்லத் தூக்கிக்கொண்டார். சோப்புப் போட்டுக் குழந்தையைத் தானே குளிப்பாட்டினார். பிறகு பேருந்தில் வழியெல்லாம் அழுதார். அந்தப் பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் முனிரத்தினம் எனக்கு போன் செய்கிறார்.

பாட்டில்களைச் சுகுணா வெறுங்கையால்தான் வாங்குவார். ஒழுகும் பாட்டிலையும்தான். "கையுறை போடும்மா," என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். "ஒறை போட்டுக்கினு போனா பயந்துக்கினு ஒளிச்சிடுவாங்கண்ணா," என்பார். மருத்துவமனையில் ஒருநாள், "அந்த எண்ணெயாலயாம்மா?" என்று கேட்டேன். "யாருக்குண்ணா தெரியும்? தெரியாம இருக்கறதுதான் அதுக்கு பலம்," என்றார்.

நகரியில் தகனம் முடிந்து திரும்பினோம். பாடை சுமந்த அவருடைய சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"இன்னா எண்ணெய் அது?" என்றேன்.

"நெருப்பு வெச்சாலும் எரியாதுபா. திருப்பதில பழைய இரும்புக் கடையில வாங்கினேன்."

அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். கடைக்காரரின் போன் நம்பரை வாங்கிப் பேசினேன். மூடிய ஏதோ ஒரு ஆலையின் சரக்காம். "டிரம்மு காலி சார். மலைக்கு நடக்கறவங்க பாட்டில் பாட்டிலா வாங்கிக்கினு பூட்டாங்க," என்றார் சாவகாசமாக.

சுகுணாவை அறிந்தவர்களே, அவருடைய பொறுமை எனக்கு வராது. அவருடைய கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை விடியலில், திருமலை அடிவாரத்து அலிபிரியில், முதல் படியருகே நிற்பேன். ஏறுகிறவர்களிடம் பையில் என்ன எண்ணெய் என்று கேட்பேன். அடி விழலாம். கூட நிற்கிறவர்கள் வாருங்கள்.