குரக்கன் மதினி புருஷனைச் சீகிரியா ஏற்றிய கதை

மாத்தளை டவுனில் மஸூதா வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். குரக்கன் மதினி வீடு எது என்று கேட்டால் வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கதவையும் தட்டிக் கொடுப்பார்கள்.

அந்தப் பட்டம் கலியாணமான முதல் கிழமையே கிடைத்துவிட்டது. மஸூதா யட்டவத்தைப் பக்கம் காடு வெட்டிச் சேனை செய்கிற வீட்டில் பிறந்தவள். புருஷன் வீட்டாரை அசத்திவிட வேண்டும் என்று, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த, கேழ்வரகாகிய குரக்கன் மாவில் பிட்டு அவித்து வைத்தாள். பேக்கரிப் பாணுக்கும் கோதுமை மாவுக்கும் பழகிய டவுன் வாய்கள் திறக்கவே இல்லை. புருஷனின் அண்ணனான மூத்தாரின் பெண்சாதி ஸுபைதா பீங்கானை ஒரு விரலால் தள்ளி, "என்னா மஸூதா, அடிப்புடிச்ச சட்டியைச் சொரண்டிப் போட்டிருக்கியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். புதுமாப்பிள்ளை புஹாரி மட்டும் இரண்டாம் தரம் வாங்கித் தின்றான். அது பாசமா, பசியா என்று மஸூதா இன்றுவரை விசாரிக்கவில்லை. சில விஷயங்களை விசாரிக்காமல் விட்டால்தான் குடும்பம் ஓடும்.

புஹாரிக்குத் தொழில் துணி மூட்டை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடப்பான். சீத்தை, சாரம், பிள்ளைகளின் சட்டைத் துணி, எல்லாம் அந்த மூட்டைக்குள் இருக்கும். அவன் வருகிற நாளைப் பார்த்துப் பெண்கள் வாசல் கூட்டி வைப்பார்கள். பதினைந்து வீட்டில் மூட்டை அவிழ்த்தால் பதினைந்து கோப்பை பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி. சீனி தாராளமாகக் கிடைத்த காலத்தில் ஒவ்வொன்றிலும் கரண்டி நட்டால் நிற்கும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரி முகம் சுருங்குவாள். புஹாரிக்கு யாருடைய முகமும் சுருங்கக்கூடாது. அவன் குணமும் இனிப்பு, குடித்ததும் இனிப்பு. கடைசியில் இரத்தமும் இனிப்பாகி, ஒரு நாள் வஹகோட்டைக் கோயிலடியில் மூட்டையோடு விழுந்தான். கோயிலுக்கு வந்த சனம்தான் தூக்கி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது.

ஆஸ்பத்திரி டொக்டர் மாத்திரை கொடுத்தார். சீனியைத் தொடாதே, மாவைக் குறை, நடையை விடாதே என்றார். மஸூதாவைப் பார்த்துத் தனியாக ஒன்று சொன்னார்: இந்த மாத்திரை போடுகிறவர் பட்டினியாக மெய் வருத்தி வேலை செய்தால் சில நேரம் வேர்த்துக் கை நடுங்கும். அந்த நேரம் மட்டும் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். மஸூதா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் ஒரு தரம் காதில் விழுந்தது அவளுக்குள் கல்லில் வெட்டினமாதிரி நிற்கும்.

எழுபத்து நாலாம் வருடத்து ஹஜ்ஜுப் பெருநாள் விருந்தில்தான் வினை வந்தது. மூத்தார் றஹீம் பெரிய தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். நல்ல மனுசன்தான். ஆனால் பிறத்தியாருக்கு நல்லது செய்யும்போது நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு.

"டேய் தம்பி, மூட்டைத் தூக்கினது போதும். கடைக்கு வந்துரு. கதிரை போட்டுத் தாறேன், முழக்கோலைப் புடிச்சிக்கிட்டு ஒக்காரு."

புஹாரி விருந்து இனிப்பான வட்டலப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து ஊர் எதிர்பார்த்திருந்த மனுசன், அண்ணனான நானாவின் கடையில் ஏழாவது ஆள் ஆகப்போகிறான். மறுத்துப் பேச வாய் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மஸூதாவின் வாய்தான் வந்தது.

"மச்சான், அவரு நடக்கிற மனுசன். ஒக்கார வச்சாத்தான் உளுந்து போவாரு."

"ஓ! வஹகோட்டையில உளுந்தது ஒக்காந்துகிட்டா?" என்று றஹீம் சபையைப் பார்த்துச் சிரித்தார். "சித்திரை லீவுக்கு நாங்க கார் புடிச்சி சீகிரியா போறோம். ஒம் புருஷன் அந்தக் கல்லு உச்சிக்கு ஏறிக் காட்டட்டும், நான் கடைப் பேச்சையே விட்டுர்றேன். ஏறாட்டி மறுநாள் காலையில கடையில நிக்கணும். சரியா?"

"சரி மச்சான்," என்றாள் மஸூதா. புஹாரி தலையை நிமிர்த்துவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அவன் கையிலிருந்த வட்டலப்பமும் போய்விட்டது. மஸூதா மகள் றாபியாவை அனுப்பிப் பீங்கானை எடுப்பித்துவிட்டாள்.

அன்று தொடங்கி மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்தது சாப்பாடு இல்லை, சதி. காலையில் வல்லாரைக் கஞ்சி. தேயிலைக்குப் பதிலாக ஆவரசம்பூ அவித்த தண்ணி. பாணின் இடத்தில் குரக்கன் ரொட்டி. பாவக்காய் ஒரு நாள் சம்பலாக வரும், மறுநாள் கறியாக வரும், மூன்றாம் நாள் வேறு பெயரில் வரும். பிஞ்சுப் பலாக்காய், முருங்கை இலை, வாழைப்பூ என்று வேலியில் முளைத்ததெல்லாம் சட்டிக்குள் போனது. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. மாத்திரைக்குத் துணைக்கு ஆள் பிடித்தாள், அவ்வளவுதான்.

"இந்த ஊட்டுல ஆடு மாடு இல்லாத கொறையை நாந்தான் தீர்க்கிறேன்," என்று புஹாரி முனகுவான்.

"ஆடு மொனகாது வாப்பா. தின்னுட்டுப் போகும்," என்பாள் பதிமூன்று வயது றாபியா.

நடைக்கு மஸூதா கண்டுபிடித்த வழி இன்னும் கள்ளத்தனமானது. மூட்டை தூக்காத நாளில் காலையில் அவன் குடை காணாமல் போகும். "நேத்து உக்குவளையில தங்கச்சி ஊட்டுல வச்சிட்டு வந்தீங்களே," என்பாள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அவன் நடந்துபோய்ப் பார்த்தால் குடை அங்கேதான் இருக்கும். முந்தின நாளே றாபியாவிடம் கொடுத்தனுப்பியது யாருக்குத் தெரியும்? மறு கிழமை அது களுதாவளையில் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் அந்தக் குடை ஊர் சுற்றினமாதிரி ஊர்த் தலைவர்கூடச் சுற்றவில்லை.

ஆனால் பின்நேரம் அவன் திரும்பி வந்ததும் தண்ணி வாளியோடு கீழே உட்கார்ந்து, இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பாள். காயம் இல்லை என்று கண்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். அந்த நேரம் மட்டும் இரண்டு பேரும் பகடி பேசமாட்டார்கள்.

லீவு வந்தது. மஸூதா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பயணத்தை எழுதினாள். காரும் வேண்டாம், கடைச் சாப்பாடும் வேண்டாம். விடியக்காலை முதல் பஸ், தம்புள்ளையில் மாறி சீகிரியா பஸ். வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். கெட்டுப்போகிற சாமான் முதலில், கெடாதது கடைசியில். பஸ்ஸில் தின்னப் பிட்டு, அடிவாரத்தில் வாழைப்பழமும் கொய்யாவும், இறங்கி வந்து தின்னக் குரக்கன் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் அவித்த பலாக்கொட்டையும். எல்லாம் அனலில் வாட்டிய வாழையிலையில் கட்டினாள். ஏற ஏறச் சுமை குறைய வேண்டும் என்பது அவள் கணக்கு. கடைசியாக முந்தானையின் ஒரு மூலையில் எதையோ வைத்து முடிச்சுப் போட்டாள். றாபியா கேட்டதற்கு, "ஒனக்கில்ல," என்றாள்.

புஹாரி சின்ன மகனை மடியில் வைத்துப் பிட்டைப் பிரித்திருந்தான்; பஸ் நாலந்தையைத் தாண்டியதும் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே மரம் போட்டு அரிசித் தடை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகக் கூடாத காலம் அது. அளவுக்கு மிஞ்சிக் கண்டால் பறித்துவிடுவார்கள். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கறுத்தக் கார் நின்றது. அது றஹீமுடைய வாடகைக் கார். உள்ளே இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் ஒழுங்கான தூக்கத்தை உலகத்தில் எந்தப் பிள்ளையும் தூங்கியதில்லை. தடைக்காரர் ஒரு தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கல் மாதிரிக் கனத்தது. தையலை இழுத்தார். பொலபொலவென்று சம்பா அரிசி ரோட்டில் கொட்டியது.

"தலையணைக்குப் பஞ்சு கெடைக்கல்ல மாத்தயா," என்ற ஸுபைதாவின் குரல் பஸ்வரை கேட்டது. தம்புள்ளையில் சொந்தக்காரர் வீட்டில் சமைக்க அவள் இராத்திரியெல்லாம் தைத்த தையல் அது.

அடுத்து பஸ்ஸில் ஏறிய தடைக்காரர் மஸூதாவின் கூடையைத் திறந்தார். வாழையிலையை விலக்கினார். குரக்கன் ரொட்டி. பலாக்கொட்டை. அவர் மூக்கு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"ஒரு மணி அரிசி இல்ல மாத்தயா," என்று மஸூதா சிங்களத்தில் சொன்னாள்.

"இதுக்கு இன்னும் சட்டம் வரல்ல நோனா, கொண்டு போங்க," என்று அவர் சிரித்து இலையைப் பழையபடி மூடிவிட்டார். பஸ் கிளம்பியது. காரைத் தாண்டும்போது றாபியா ஜன்னலால் தலையை நீட்டி, "பெரிய வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும்!" என்றாள். றஹீம் குனிந்து ரோட்டில் கிடந்த அரிசியைப் பார்த்தார்.

சீகிரியாவில் மஸூதா புருஷனை ஓடவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. இருபது படி ஏறு, மூச்சு வாங்கு, மறுபடி ஏறு. கண்ணாடிச் சுவரடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு வாய் தண்ணி. உச்சி ஏணிக்குக் கீழே உள்ள சிங்கச் சிலையின் பாதத்துக்கு வந்து சேரும்போது பின்னால் புஸ்புஸ்ஸென்று ஒரு சத்தம். கிணற்று மோட்டர் என்று நினைத்துத் திரும்பினால், றஹீம். தடையில் பெயரை எழுதிக்கொண்டு விட்டதும் பாய்ந்து வந்து, ஒரே மூச்சாக ஏறியிருக்கிறார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்க... ஏற... ஏறிட்டானா?" என்றார்.

அப்போதுதான் புஹாரியின் கை நடுங்குவதை மஸூதா கண்டாள். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. பஸ்ஸில் பிட்டில் பாதியைச் சின்னவனுக்கு ஊட்டிவிட்டான் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவன் மெதுவாகச் சிங்கத்தின் நகத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நான் சொன்னேன்ல!" றஹீமின் குரலில் வெற்றியைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. "போதும்டா தம்பி. எறங்கு. நான் தாங்கிக்கிறேன்."

மஸூதா முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு துண்டுக் கருப்பட்டி. மூன்று மாதமாக இனிப்பின் நிழலைக்கூட அண்டவிடாதவள், தன் கையாலேயே அதை அவன் வாயில் வைத்தாள்.

"உம்மா!" றாபியா வாயைப் பிளந்தாள். "களவா நீங்களே குடுக்கிறீங்களா?"

"டொக்டர் சொன்னதுடி. மத்த நேரம் வெசம், இந்த நேரம் மருந்து. பழத்தை எடு."

கருப்பட்டி கரைந்தது. இரண்டு வாழைப்பழமும் ஒரு ரொட்டியும் போனது. மஸூதா அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு நடுக்கத்தை எண்ணினமாதிரி உட்கார்ந்திருந்தாள். றஹீம் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை விரித்துத் தம்பிக்கு விசிறினார். பந்தயக்காரன் இப்படி விசிறக்கூடாது என்பது அவருக்கு மறந்தே போயிற்று. அரை மணித்தியாலம் கழிந்தது. கை நின்றது. முகத்தில் இரத்தம் வந்தது.

"ஏலாட்டி எறங்குவோம். எனக்கு நீங்கதான் பெரிசு, கல்லில்ல," என்றாள் மஸூதா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

புஹாரி இரும்பு ஏணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "மேல ஏதாச்சும் குடை வச்சிருக்கியா?"

"என்னா?"

"மூணு மாசமா என் குடை நடந்த தூரம் எனக்குத் தெரியாதா? மேல இருக்கும்னு சொல்லு, எடுத்துக்கிட்டு வாறேன்."

மஸூதாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்தாள். "இருக்கு. நடங்க."

சின்னவனை றாபியாவிடம் விட்டு ஏறினார்கள். அவன் முன்னால், அவள் பின்னால், ஒவ்வொரு படியாக. றஹீம் ஏணியில் மூன்று படி ஏறி, கீழே பார்த்து, மூன்று படியும் இறங்கிச் சிங்கத்தின் காலைக் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் உச்சியிலிருந்து ஒரு கூவல் வந்தது. பதினெட்டு வருடம் ஊர் முனையில் நின்று "துணியே... துணி!" என்று கூவிய தொண்டை.

"நானா...! துணி வேணுமா... துணி?"

அங்கே நின்ற சனமெல்லாம் சிரித்தது. றஹீமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நம்ம வாப்பாட தொண்டை," என்று யாரோ ஒரு அந்நியரிடம் சொன்னார்.

மேலே காற்று அடித்தது. கீழே காடும் குளமும் பாய் விரித்தமாதிரிக் கிடந்தன. புஹாரி தெற்கே நீல மலைகளைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் ஒங்க வாப்பாட சேனை. அந்தக் குரக்கந்தான் என்னைய இங்க தூக்கிட்டு வந்திச்சு," என்றான். அப்போது கேட்டிருந்தால் அந்த முதல் கிழமைப் பிட்டு பாசமா பசியா என்பதற்கு விடை கிடைத்திருக்கும். மஸூதா கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது மர நிழலில் ஸுபைதாவும் பிள்ளைகளும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அரிசித் தட்டுப்பாட்டால் அன்றைக்குக் கடைகளில் சோறு விற்கக்கூடாத நாள்; பாண் முடிந்துவிட்டதாம். மஸூதா கூடையை நடுவில் வைத்து இலையை விரித்தாள். முதல் ரொட்டியை ஒரு விரலால் ஸுபைதாவின் பக்கம் தள்ளினாள். அதுதான் பெரிய பழிவாங்கல். ஸுபைதா ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டாள். இரண்டாவதையும் எடுத்தாள். மூன்றாவதை எடுக்கும்போது றாபியா இருமினாள். மஸூதா மகளின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

றஹீம் கடைசிப் பலாக்கொட்டையைத் தோலுரித்துக்கொண்டே தம்பியைப் பார்க்காமல் சொன்னார்: "புதுச் சீத்தை வந்திருக்குடா. நல்ல பூ. திங்கக்கெழமை மூட்டையில அதை முதல்ல கட்டு."

அவ்வளவுதான். கடைப் பேச்சு அந்தக் கல்லடியிலேயே அடக்கமாகிவிட்டது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஸுபைதா பின்தங்கி வந்து மஸூதாவின் காதோடு கேட்டாள்: "ஒங்க மச்சானுக்கும் டொக்டர் சீனின்னு சொல்லி மூணு மாசமாச்சு. யாருக்கும் சொல்லல்ல. அந்த மா... எப்படி அரைக்கிறது?"

"நாளைக்கு வாங்க மதினி, சொல்லித் தாறேன்," என்றாள் மஸூதா. "தலையணை உறை ஒண்ணு கொண்டாங்க, மா கட்டித் தாறேன்."

திங்கட்கிழமை காலை புஹாரி மூட்டையைத் தோளில் ஏற்றினான். மஸூதா அவன் சட்டைப் பைக்குள் ஒரு துணி முடிச்சை வைத்தாள். "கருப்பட்டி. கை நடுங்கினா மட்டும். வழியில பிரிச்சீங்கன்னா எனக்குத் தெரியும், இது எங்க ஊட்டு முடிச்சு."

பின்நேரம் மூட்டை இளைத்து வந்தது. முடிச்சு அவிழாமல் வந்தது. மஸூதா வாளியில் தண்ணி எடுத்து வந்து, அவன் காலடியில் உட்கார்ந்தாள்.