நாற்காலி அக்காவும் மதியச் சொட்டும்

எங்கள் மருந்துக் கம்பெனியில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். மெடிக்கல் ரெப் வேலையில் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு. அதிலும் எங்கள் கிளையில் பெண் அவர் ஒருவர்தான். பிடி அறுந்து இரண்டு முறை தைத்த கறுப்புப் பை, பழைய ஸ்கூட்டர், எந்த டாக்டர் எப்போது எரிந்து விழுவார் என்கிற ஞானம், இவைதான் அவர் சொத்து. கணவர் பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இத்தனை காலமாக டாக்டர்களின் அறை வாசலில் கால் கடுக்க நின்றவரிடம், ஒரு மருந்தை எப்படி விற்கலாம் என்று மட்டும் யாரும் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் கம்பெனி ஒரு கண் சொட்டு மருந்தைக் கொண்டுவந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலிகூட இல்லாமல் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய்க்கான மருந்து. சந்தையில் ஏற்கெனவே இரண்டு பெரிய கம்பெனிகளின் சொட்டுகள் இருபது வருஷமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன. அவற்றை ஒரு நாளைக்கு மூன்று வேளை விட வேண்டும். எங்களுடையதைக் காலையில் ஒரே ஒரு முறை விட்டால் போதும்.

அறிமுகக் கூட்டத்தில் மார்க்கெட்டிங் மேலாளர் திரையில் படம் காட்டினார். நீலக் கண்ணோடு ஒரு அழகி. கீழே பெரிய எழுத்தில், 'அதிக சக்தி!'

அக்கா கையைத் தூக்கினார். "சார், அழுத்தம் குறையுறது மூணு மருந்துலயும் ஒரே அளவுதான்னு நம்ம ஆராய்ச்சி அறிக்கையிலயே இருக்கு. அப்புறம் எப்படி சார் அதிக சக்தி?"

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. என்ன சொல்லி விக்கலாம்?"

"தெரியல சார். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"யார்கிட்ட?"

"சொட்டு விடுறவங்ககிட்ட."

அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வேண்டாத இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். மேலாளரும் விடவில்லை. விற்பனை எப்போதும் தரைமட்டத்தில் கிடக்கும் ஆலைப் பகுதியை அவர் தலையில் கட்டினார். "மூணு மாசம். உங்க வழியிலேயே செஞ்சு காட்டுங்க."

அக்கா மறுநாளே அந்தப் பகுதியின் கண் மருத்துவமனைத் தலைமை நர்ஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காத்திருக்கும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் விற்கவில்லை. பையைத் திறக்கக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு பேசினார், அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படியே போனது. 'நாற்காலி அக்கா' என்று நாங்கள் பட்டம் வைத்தோம். கணவர்கூட வெட்டுத்துணியிலிருந்து தலையைத் தூக்கி, "நீ வேலைக்குப் போறியா, வைத்தியத்துக்குப் போறியா?" என்று கேட்டாராம்.

அறுபத்து மூன்று பேரிடம் பேசியிருந்தார். அதில் நாற்பத்தேழு பேர் மதியச் சொட்டைத் தவறவிடுகிறவர்கள். ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார்: "மதியம் விட்டா அரை மணி நேரம் எல்லாம் மங்கலாத் தெரியுது. எந்தக் காசைக் குடுக்குறேன்னே தெரியல." ஆலையில் நூல் இழுக்கும் ஒரு பெண்ணுக்கு வேறு பயம். "கண்ணுல நோய்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மெஷின்ல விடுவாரா?" இவர்கள் யாரும் இதை டாக்டரிடம் சொன்னதில்லை. கேட்டால் 'விடுறேன் டாக்டர்' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

அக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார். "சார், நமக்குப் போட்டி அந்த ரெண்டு கம்பெனியும் இல்ல. மதியம் ஒரு மணிதான் போட்டி. அதைத்தான் நாம ஜெயிக்கணும்."

மேலாளர் மேஜைமேல் கிடந்த அழகியின் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நீலக் கண்ணை எடுத்துரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

எடுத்தார்கள். அக்காவின் பகுதிக்கு மட்டும் ஒரே ஒரு தாள் அச்சானது. ஒரு கடிகாரப் படம், அதன் கீழே ஒரு கேள்வி: 'நேற்று மதியச் சொட்டு விடும்போது எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள்.'

அந்தப் பகுதியில் பெரிய கண் டாக்டர் எழுதுவதைத்தான் மற்றவர்களும் எழுதுவார்கள். ரெப்களுக்கு அவர் ஒதுக்குவது ஒரு நிமிஷம். தாளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "என் நோயாளிங்க எல்லாம் ஒழுங்கா விடுறவங்கம்மா."

"இருக்கலாம் டாக்டர். ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் வெளியில நிக்கிறேன்."

அடுத்து உள்ளே போனவர் ஒரு கணக்கு வாத்தியார். கதவு சாத்தாததால் பேச்சு வெளியே கேட்டது.

"சொட்டு விடுறீங்களா?"

"மூணு வேளையும் விடுறேன் டாக்டர்."

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க?"

"ஸ்கூல்ல."

"பாட்டில்?"

வாத்தியார் தயங்கினார். "அது... வீட்ல."

டாக்டர் அதன் பிறகு ஆறு பேரைக் கேட்டார். கடைசியில் அக்காவை உள்ளே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அஞ்சு பேர் விடுறதில்லை. அழுத்தம் ஏன் குறையலன்னு நான் மருந்தை மாத்தி மாத்தி எழுதிட்டு இருந்திருக்கேன். சரி, எல்லாருக்கும் உங்களதை எழுதச் சொல்றீங்களா?"

"வேண்டாம் டாக்டர். பழசை ஒழுங்கா விடுறவங்களுக்கு அதுவே போதும். மதியத்தை விட்டுடுறவங்களுக்கு மட்டும் எழுதுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது வருஷத்துல ஒரு ரெப் 'வேண்டாம்'னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்," என்றார். அன்றே, அடுத்து வந்தவர்களில் மதியத்தை விட்டுவிடுகிற நான்கு பேருக்கு எழுதினார்.

செய்தி மற்ற டாக்டர்களுக்குப் பரவியது. போட்டிக் கம்பெனிகள் முழித்துக்கொண்டன. பத்து பாட்டில் வாங்கினால் இரண்டு இலவசம் என்று மருந்துக்கடைகளுக்கு ஆசை காட்டின. மேலாளர் உடனே அக்காவைக் கூப்பிட்டார். "நாமளும் மூணு இலவசம் குடுத்துரலாமா?" என்று போனில் பதறினார்.

"கடைக்காரர் இலவசத்துக்கு வாங்கி அடுக்கலாம் சார். சீட்டுல எழுதினதைத்தானே குடுக்க முடியும்? கொஞ்சம் பொறுங்க."

அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் கணவர் பிறகு சொன்னார். வெளியே முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் ஆலை வாசல் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். "அக்கா, உங்க சொட்டு தீந்துபோச்சு. காலையிலிருந்து ஏழு சீட்டு திரும்பிப் போயிருக்கு. சீக்கிரம் அனுப்புங்க!" மாலைக்குள் இன்னும் நான்கு கடைகள் அதையே சொல்லின. கிடங்கிலிருந்து வண்டி வர இரண்டு நாளாகும் என்றார்கள். மேலாளர் தன் காரின் பின்சீட்டிலும் டிக்கியிலும் அட்டைப்பெட்டிகளை அடைத்துக்கொண்டு, டை கட்டியபடியே கடை கடையாக இறக்கினார். வியர்வை சொட்டச் சொட்ட அவர் பெட்டி தூக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று மாதம் முடிந்தபோது தரைமட்டத்தில் கிடந்த ஆலைப் பகுதி, விற்பனையில் எல்லாப் பகுதிகளையும் தாண்டி முதலில் நின்றது. அதைவிட அக்காவைத் துள்ளவைத்தது பெரிய டாக்டரின் போன். மருந்து மாற்றிய முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டதாம். "அந்த ஆலைப் பொண்ணு சொட்டு விட மெஷினை விட்டு நகரவே வேண்டியதில்லையாம்மா. உங்ககிட்ட சொல்லச் சொன்னா," என்றார். அக்கா போனை வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் நடுவில், நாற்பத்தாறு வயசில், இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

கடிகாரத் தாள் எல்லாப் பகுதிகளுக்கும் போனது. ஒன்றரை வருஷத்தில் பழைய இரண்டு மருந்துகளையும் பின்னுக்குத் தள்ளி எங்கள் சொட்டு முதலிடம் பிடித்தது. ஆண்டுவிழா மேடையில் மேலாளர் நீலக் கண் அழகியைத் திரையில் காட்டி, "இதை வெச்சு விக்க நெனச்ச ஆள் நான்தான்," என்று தன்னையே கேலி செய்துகொண்டு, புதிய மருந்துகள் பிரிவின் தலைவராக அக்காவை அறிவித்தார். முன்வரிசையில் டெய்லர் விசிலடித்தார். மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு போட்டிக் கம்பெனியின் புதுத் தாள் எங்கள் கையில் கிடைத்தது. அதிலும் அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. வழக்குப் போட வேண்டும் என்று ஆளாளுக்குக் குதித்தோம். அக்கா தாளை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடுங்கப்பா! அவங்க செலவுல அவங்க ரெப்பும் நம்ம கேள்வியைக் கேக்குறாங்க. அவங்க சொட்டு இன்னும் மூணு வேளைதான், பதில் நம்ம பாட்டில்லதானே இருக்கு?"

அந்த மாத விற்பனை, அதுவரை நாங்கள் கண்டதிலேயே அதிகம்.