பின்வாசல் வலேர்

கோட்டையின் பெரிய இரும்புக் கதவு அகலத் திறந்திருக்கும். உள்ளே இரண்டு வரிசை நெடுமரங்கள் நேராக முன்வாசலுக்குக் கூட்டிப் போகும். வலேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சைக்கிளை விட்டு இறங்குவார், ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டுவார், வேலி ஓரமாகவே நடந்து, அகழியின் மேல் கிடக்கும் சின்னப் பலகைப் பாலத்தைத் தாண்டி, சமையற்கட்டுக் கதவுக்கு முன்னால் போய் நிற்பார். நின்ற பிறகுதான் நெற்றியில் தட்டிக்கொள்வார்.

"பாரு, மறுபடியும் இங்கதான் வந்து நிக்கிறேன். தலை ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு. காலுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லல."

வலேர் கறிக்கடைக்காரராக இருந்தவர். புரூஜ் நகரத்துக்குத் தெற்கே, காடும் பூங்காவுமாகக் கிடக்கிற அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோட்டை அகழியில்தான் விழ வேண்டும். அத்தனை கோட்டைக்கும் சனிக்கிழமைக் கறி அவர் கடையிலிருந்துதான் போயிற்று. முதலில் சைக்கிள் கூடையில், பிறகு வேனில். இப்போது கடை கைமாறி மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். வலேர் அங்கேயே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஈரல் தொங்கின இடத்துல இப்ப நிலைக்கண்ணாடியில என் மூஞ்சி தெரியுது, பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சைக்கிள் குழுவோடு கோட்டை பார்க்கக் கிளம்பிவிடுவார். சாலை முனைகளில் சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டும் எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு பூங்காவிலிருந்து அடுத்த பூங்காவுக்குப் போவதுதான் குழுவின் வேலை. போகிற இடத்தில் காப்பி வாங்கிக்கொள்வார்கள். தொட்டுக்கொள்ள அரிசிப்பால் டார்ட் என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்றை முறை வைத்து ஒருவர் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வர வேண்டும். குழுவின் படித்த மனிதர் நோயல். பள்ளி ஆசிரியராக இருந்தவர், மனைவியை இழந்தவர், சைக்கிள் ஓட்டக்கூடப் பாலிஷ் போட்ட ஷூ இல்லாமல் வர மாட்டார். ஒவ்வொரு கோட்டை முன்னாலும் புத்தகத்தைப் பிரித்து, யார் கட்டினார், எந்தப் போரில் எரிந்தது, யார் திருப்பிக் கட்டினார் என்று வாசிப்பார். அவர் முடித்ததும் எல்லோரும் வலேர் பக்கம் திரும்புவார்கள்.

"இது நாக்குக் கோட்டை," என்பார் வலேர். "வாரா வாரம் மாட்டு நாக்கு. வீட்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க, அதனால நாக்குச் செலவு எப்படி ஆச்சுன்னு கேக்காதீங்க."

இன்னொன்று வெள்ளிக்கிழமைக் கோட்டை. விரதமென்று கறியை விட்டு ஊரெல்லாம் மீன் தின்கிற நாளில் அங்கே மட்டும் திருட்டுத்தனமாகக் கன்றுக்கறி போகும். மீன்காரன் கூடைக்கு அடியில் வைத்து அனுப்ப வேண்டும். "பாதிரியாரு சாப்பிட வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடப் போகும்" என்று சேர்த்துக்கொள்வார். நான்கு கோபுரம் வைத்த பெரிய கோட்டை ஒன்று உண்டு. அங்கே நாய்க்கு எலும்பு மட்டும்தான் வாங்குவார்கள். அந்த எலும்பில் முதலில் சூப்பு வைத்துவிட்டுத்தான் நாய்க்குப் போடுவார்கள் என்று சமையற்காரி சொன்னாளாம். வெளியூர்த் தம்பதி ஒன்று ஒருமுறை அவரைக் காவலாளி என்று நினைத்து, இது எந்தக் காலத்துக் கோட்டை என்று கேட்டது. வலேர் வெகுநேரம் யோசித்தார். "காலம் தெரியாதுங்க. ஆனா அடுப்பு நல்லா எரியும்."

இந்த வட்டாரத்தில் தான் பார்க்காத கோட்டை கிடையாது என்று பெருமை அடித்துக்கொள்வார். மாட்டு வைத்தியன் மாட்டைப் பார்க்கிற பக்கமாகத்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் என்று அவரே அடுத்த வரியில் சொல்லிவிடுவார். 'பின்வாசல் வலேர்' என்ற பெயரும் யாரும் வைத்ததல்ல, அவரே வைத்துக்கொண்டது.

காப்பிக் கடையில் இரண்டாவது பழுப்பு பீருக்குப் பிறகு 'விரல்' வரும். அது வலேரின் தனிக் கச்சேரி. ஹேசல்வார்ட் கோட்டைக்கு முதல்முதலாகக் கறி கொண்டுபோன கதை. பத்தொன்பது வயது, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, கூடையில் கன்றின் தொடைக்கறியை வெள்ளைத் துணி போட்டு மூடி, யாரும் சொல்லித் தராததால் நேரே முன்படி ஏறி மணியை இழுத்துவிட்டார். வேலைக்காரன் வரவில்லை, சீமாட்டியே வந்து நின்றார்.

"வாயத் திறக்கல," என்று வலேர் நாற்காலி மேல் ஏறி நிற்பார். "பிரெஞ்சுல சொன்னா எனக்குப் புரியாது. நம்ம ஊர்ப் பேச்சு பேசினா அந்தம்மாவுக்கு வாய் கோணிக்கும். அதனால..." வலது கையை மெல்லத் தூக்குவார். ஒரு விரல் மட்டும் நீளும். அது மேஜை, பீர்க் கோப்பை, நோயலின் மூக்கு எல்லாவற்றையும் தாண்டி, வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு பின்வாசலில் நிற்கும். கடையே சிரிக்கும்.

அவர் மனைவி லுட்கார்ட் மட்டும் சிரிக்க மாட்டார். கதை அலுத்துப்போனதால் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்றைக்கு அந்தச் சமையற்கட்டில் வேலைக்கு இருந்த பெண் அவர்தான். கதவைத் திறந்தபோது கூடை ஆடிக்கொண்டிருந்தது. பையன் காது வரை சிவந்து, கண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். லுட்கார்ட் அவனை அடுப்போரம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, "ஒரு நாள் உன்னை இதே வீட்டு முன்படி வழியா உள்ள கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றான் அவன். பெண் பார்த்ததும் நிச்சயம் செய்ததும் எல்லாமே அந்த ஒரு கோப்பையில் முடிந்தது.

அந்த வாக்கு மட்டும் அப்படியே கிடந்தது. ஆண்டுக்கொரு முறை செப்டம்பரில் பழைய கட்டடங்களையெல்லாம் ஊருக்குத் திறந்துவிடும் ஞாயிறு வரும். ஒவ்வொரு தடவையும் வலேரிடம் ஒரு காரணம் இருக்கும். ஷூவில் சேறு. சைக்கிளுக்குக் காவல். வயிறு சரியில்லை. ஒரு வருஷம், அகழியில் வாத்துக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டார்.

இந்த வருஷம் லுட்கார்ட்டின் முழங்கால் போய்விட்டது. அந்த ஞாயிறு கழிந்து வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பிறகு படி ஏற முடியுமா, சைக்கிளில் உட்கார முடியுமா என்று டாக்டரே இழுத்தாற்போல் பேசினார். சனிக்கிழமை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே லுட்கார்ட் ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஹேசல்வார்ட்ல முன்படி ஏறப் போறேன்."

"ஏறேன். யாரு வேணாம்னது."

"உன்னோட."

"என் ஷூவப் பாரு, அதைப் போட்டுக்கிட்டா..."

"உன் ஷூவுக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் என்னமோ. நீ வரலேன்னா நோயல் கையப் பிடிச்சிக்கிட்டு ஏறுவேன். அந்த மனுஷனாவது பாலிஷ் போடறான்."

வலேர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் பின்கட்டிலிருந்து பாலிஷ் வாடை வந்தது.

ஞாயிறு காலைத் தூறல் நின்று பூங்காச் சரளைக்கல் பளபளவென்றிருந்தது. வேலி முனையில் வலேரின் கால்கள் வழக்கம்போல் இடது பக்கம் திரும்பின. லுட்கார்ட் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இந்தப் பக்கம் மனுஷா." மரங்களுக்கு நடுவே, கல் பாலத்தைத் தாண்டி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். வலேருக்கு உள்ளங்கை வேர்த்தது. இத்தனை வயதில், செத்து மண்ணாகிப்போன ஒரு சீமாட்டிக்குப் பயந்து வேர்க்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

படிக்கட்டின் கீழே மடக்கு மேஜை போட்டு, ஜீன்ஸும் சட்டையில் பேர்ச்சீட்டுமாக ஒரு வாலிபர் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். இப்போதைய பிரபு, சீமாட்டியின் பேரன். நம் பேச்சை நம்மைப் போலவே பேசுகிறவர். லுட்கார்ட்டின் முழங்கால் கட்டைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"அம்மா, இந்தக் காலோட படி ஏற வேணாங்க. சுத்திப் போனா சமையக்கட்டு வழி இருக்கு, சமதளமா இருக்கும். உங்களுக்குச் சௌகரியம்." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். ஒரு விரல் நீண்டது. பாட்டியின் அதே நீள விரல். அது மூலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நின்றது.

பின்னால் வந்த குழு அப்படியே நின்றுவிட்டது. கடையில் அத்தனை தடவை பார்த்துச் சிரித்த விரல் அது. இப்போது யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த வாலிபர் மேல் ஒரு தப்பும் இல்லை, மனதாரச் சொன்னார். அதுதான் வலேருக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை.

லுட்கார்ட் படிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சரி வலேர், அப்படியே போயிடலாம். நமக்குப் பழகின வழிதானே."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. வலேருக்கு அது விரலைவிட அதிகமாக வலித்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றார் பிரபுவிடம். "அந்த வழி எங்களுக்குத் தெரியும்." பிறகு லுட்கார்ட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். "ஏறு."

"என்னது?"

"அரைப் பன்றியத் தூக்கிட்டு எத்தனை படி ஏறியிருக்கேன். நீ அதவிடக் கனம் கம்மிதான்."

"நம்ம கல்யாணத்துல இருந்து இதுதான் நீ சொன்ன நல்ல வார்த்தை," என்றார் லுட்கார்ட். ஆனாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஏறினார்கள். அழகான காட்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வலேரின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிற்று. பாதியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "பக்கத்துல கொக்கி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, இவளை மாட்டிட்டு மூச்சு வாங்கிக்கிறேன்." பிரபு ஓடிவந்து எங்கே பிடிப்பதென்று தெரியாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினார். மேலே இறக்கிவிட்டதும் லுட்கார்ட் பாவாடையை நீவிவிட்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்து, திரும்பிப் பாராமல் பெரிய கதவு வழியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வலேர், இங்க ஒரே குளிரு. சமையக்கட்டுதான் எவ்வளவோ தேவலை."

வலேர் மேல்படியிலேயே நின்று மூச்சு வாங்கினார். சீமாட்டி நின்ற அதே படி. இங்கிருந்து பார்த்தால் கீழே நிற்பவர்கள் எல்லாம் கொஞ்சம் சின்னவர்களாகத்தான் தெரிந்தார்கள். படிக்கு அடியில் நோயல் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு டார்ட் அவர் முறை. அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பிரபு மேஜையை விட்டு மேலே போய்விட்டதால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

"யோவ் வலேர், இதை எடுத்துக்கிட்டு முன்பக்கமா வரலாமா? இல்ல, சுத்தித்தான் வரணுமா?"

குழுவுக்குத் தெரிந்துவிட்டது. விரல் வரப்போகிறது. சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கினார்கள். வலேர் வலது கையை மெல்லத் தூக்கினார், காப்பிக் கடையில் தூக்குவாரே அதே மெதுவில். ஒரு விரல் நீண்டது. அது தோட்டத்தின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, அவர் தோளுக்குப் பின்னால் திறந்து கிடந்த முன்வாசலைக் காட்டியது.