மணவறையும் என் முழங்கால்களும்

2009இல் சூரிச்சில் பல்கலைக்கழகத்துக்குப் போன கையோடு அமெரிக்கன் ஃபுட்பால் அணியிலும் சேர்ந்தேன். தலைக்கவசம் போட்டு, முட்டை மாதிரி ஒரு பந்துக்காக அடிபடுகிற அந்த விளையாட்டுத்தான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வடிவான பெடியங்களின் வேலை. நான் தடுப்பு வரிசையின் நடுவில் குனிந்து நின்று, எதிரே வருகிற இரண்டு எருமைகளை முட்டித் தள்ளவேண்டும். எட்டு வருடம் விளையாடினேன். பந்து என் கையில் பட்டது இரண்டே தரம்.

அம்மா ஒரேயொரு ஆட்டம் பார்க்க வந்தார். "இவ்வளவு புட்டையும் திண்டுபோட்டு, ஆரோ ஒருத்தனோட மல்லுக்கட்டத்தானோ இஞ்ச வாறனீ?" என்றார். அதற்குப் பிறகு மைதானப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. புட்டு மட்டும் குறையவில்லை.

நான் விளையாட்டை விடுமுன்பே முழங்கால்கள் என்னை விட்டுவிட்டன. சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்கக் கதிரையில்தான் இருப்பு, ஆகவே குட்டு வெளிப்படவில்லை. பிறகு ஒரு சம்பந்தம் பொருந்தியது. இரண்டாம் தரம் கதைத்தபோதே எனக்கு அவளை அப்படிப் பிடித்துவிட்டது. இவள் இல்லையென்றால் வேறொருத்தி என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளை இரண்டு மணித்தியாலம் சம்மணம் கட்டி இருக்கவேண்டுமே! எனக்கோ ஐந்து நிமிடத்தில் கால் பூட்டிக்கொள்ளும்.

"கதிரை கேப்பமோ அம்மா?"

"வாயைப் பொத்து! கால் ஏலாத பெடியன் எண்டு தெரிஞ்சால் பொம்பிளையின்ர தேப்பன்காரன் சம்பந்தத்தைக் குழப்பிப்போடுவார்."

எலும்பு வைத்தியரிடம் போனேன். சுவிஸ்காரர். "நிலத்தில் ஏன் இருக்கிறீர்கள்? மண்டபத்தில் கதிரை இல்லையா?" என்று கவலையோடு கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். முட்டை அவிக்கும் மணிக்கூட்டை முன்னால் வைத்து, மூன்று மாதம் வீட்டில் சம்மணம் பழகினேன். அதிகபட்சம் பதினொரு நிமிடம்.

கலியாணத்தன்று இரண்டு வலிமாத்திரை போட்டேன். தலைப்பாகைக்குள் வியர்வை ஆறாய் ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேரம் போகப்போக இடுப்புக்குக் கீழே எனக்கென்று ஒன்றுமே இல்லை. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாரானார்.

"மாப்பிள்ளை, எழும்பி வாங்கோ" என்றார் ஐயர் தாலியை நீட்டியபடி. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை எழும்பி, பெண்ணுக்குப் பின்னால் நின்றுதான் கட்டவேண்டும்.

எழும்பினேன் என்று நான்தான் நினைத்தேன். கால் நினைக்கவில்லை. பக்கத்துத் தூணில் ஒரு கையை ஊன்றி உன்னினேன். மணவறைத் தூண்தான் ஆடியது. "முகூர்த்தம் போகுது" என்று ஐயர் முணுமுணுத்தார். பெண்ணின் தகப்பன், என் மாமா, முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சரி, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"முழங்கால்தானே?" என்று பக்கத்தில் இருந்த அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஓம். உங்களுக்கு முதலே சொல்லியிருக்கவேணும். பயத்தில சொல்லேல்ல."

"எனக்குத் தெரியும். முதல்முதல் வந்த அண்டைக்கு எங்கட வீட்டுப் படியை நீங்கள் பக்கவாட்டில நண்டு மாதிரி இறங்கினதை அப்பாவும் நானும் யன்னலால பாத்தனாங்கள். நீங்களா சொல்லுவியள் எண்டு அப்பா இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தவர்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மறுபடி கையை ஊன்றினேன்.

"நீங்கள் எழும்பவேண்டாம். நான் வாறன்."

அத்தனை பாரமான கூறைச்சேலையோடு, மணவறைப் பலகையில் உட்கார்ந்தவாக்கில் அரக்கி அரக்கி நகர்ந்து வந்து, எனக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைக் குனிந்தாள். ஐயர் வாயைத் திறந்தார், மாமாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "கொட்டுங்கோடா மேளத்தை!" என்று மாமாதான் கத்தினார். இருந்தபடியே கட்டினேன். மூன்றாம் முடிச்சுத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"அழாதேங்கோ" என்றாள் அவள் திரும்பாமலே. "வீடியோக்காரன் கிட்ட வாறான்."