இடது கையுறை

போன வாரம் பல் வலி தாங்காமல் மீஞ்சூரில் ஒரு சின்ன கிளினிக்கில் போய்ப் படுத்தேன். என் மகள் வயதுள்ள டாக்டரம்மா கையுறை போட்ட விரலை வாய்க்குள் விட்டு அங்கும் இங்கும் தட்டினார். "இந்தப் பக்கம் ரெண்டு பல்லு இல்லையே, எப்போ எடுத்தீங்க?" என்றார். வாய்க்குள் விரல் இருக்கும்போதுதான் இவர்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும். நான் எடுக்கவில்லை அம்மா, எடுத்துக் கொடுத்தார்கள் என்று சொல்லப் பார்த்தேன். "ங்ஙா" என்றுதான் வந்தது. ஆனால் அந்த ரப்பர் நாக்கில் பட்டதும் அதற்குப் பின்னாலிருந்து வேறொரு சுவை எழுந்து வந்தது. பழைய தோல், ஊரான் வியர்வை, பூஞ்சை, உப்பு.

ராயபுரத்தில் நான் எட்டாவது வரைக்கும் படித்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டைக் கையுறை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. யாரோ ஒரு கப்பல்காரர் போகிற போக்கில் தானமாகக் கொடுத்தது. பெரியவர்கள் அளவு. எங்கள் கை உள்ளே போனால் திரும்பி வருமா என்று பயமாக இருக்கும். சண்டை போட்டு மாட்டிக்கொண்ட பையன்களுக்கு அங்கே பிரம்படி கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கையுறை மாட்டி, இன்னொரு கையை முதுகுப்பக்கம் பள்ளிக்கூட டையால் கட்டிவிடுவார்கள். வலது கிடைத்தவன் பாதி ஜெயித்தவன். இருவரும் முட்டி போட்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும். பிறகு ஒருவன் 'போதும் பிரதர்' என்று சொல்லும்வரை அடித்துக்கொள்ளலாம்.

இதைக் கொண்டுவந்தவர் தலைமை பிரதர். உயரமான, சிவந்த மனிதர். காலைப் பூசைக்கு முன்பே பையன்களோடு மைதானத்தைச் சுற்றி ஓடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தியவர். "உங்கள ஆம்பளையா ஆக்கி வெளிய அனுப்பணும், அவ்ளோதான்" என்பார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் தொல்லை.

கம்பளி என்றதும் சட்டை ஞாபகம் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வகுப்புக்குள் வந்து உட்காரும். வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கஸ்டம்ஸ்காரர் பிள்ளைகளுக்கும் ரயில்வே கார்டு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சட்டை உண்டு. லூர்துக்கும் எனக்கும் கிடையாது. நாங்கள் இருவரும் 'ஃப்ரீ பசங்க', அதாவது சம்பளம் கட்டாமல் படிப்பவர்கள். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் கோயிலைக் கூட்டுவோம்.

லூர்தின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா மரியம், கூடையில் மீன் விற்பவர். எனக்கு அம்மா இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அதனால் ராத்திரிச் சாப்பாடு எனக்கு லூர்து வீட்டில், கல்மண்டபத்துக்குக் கிழக்கே கரையோரக் குடிசையில். "டேய் கருவாடு, குந்து. இன்னா, தொர மாதிரி நின்னுகினு கீற?" என்று மரியம் தட்டை நகர்த்துவார். கருவாடு என்பது நான்தான். அவ்வளவு ஒல்லி.

எட்டாவது முடிகிற சமயம் பிரதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒன்பதாவதில் ஒரு ஃப்ரீ சீட்டுதான் இருக்கிறது என்றார். மார்க்கில் நாங்கள் இருவரும் ஒரே லட்சணம். அவர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை கையுறை போடுங்க. ஆண்டவர் முடிவு பண்ணட்டும்."

வியாழக்கிழமை கடற்கரையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு முடிவு பண்ணினோம்.

"ரெண்டு பேரும் வுழக் கூடாது மாமு," என்றான் லூர்து. "யாரும் ஜெயிக்கலன்னா ரெண்டு பேரையும்தான வச்சிக்கணும்?"

"மூஞ்சில போடாத. தோள்ல போடு."

"தோள்ல எங்கடா உனுக்கு சதை கீது?"

வெறுங்கையால் கொஞ்ச நேரம் பழகிப் பார்த்தோம். சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் பிரதர் கையுறைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு லூர்தை முதலில் எடுக்கச் சொன்னார். அவனுக்கு வலது வந்தது. மரியேவைச் சொல்லிவிட்டு எழுந்து, பேசிவைத்தபடி சுற்றிச் சுற்றி வந்தோம். "இன்னாடா, பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்று பையன்கள் கத்தினார்கள். பிரதர் விசில் ஊதினார். "டிராமா ஆடுனா ரெண்டு பேருக்கும் சீட்டு கிடையாது."

லூர்து அப்போதும் கையை ஓங்காமல்தான் நின்றான். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூட போர்டிங்கில் கறி கிடையாது, மீன்தான். சமையல்கட்டில் கூடையை இறக்கிவிட்டு மரியம் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. குரல்தான் கேட்டது.

"அட்ரா லூர்து. இன்னா அவன் மூஞ்சியப் பாத்துகினு கீற? அட்ரா."

முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். தவறிப்போய் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவதில் ரெண்டு பல் போனது. நானும் இடது கையை வீசினேன். பழகாத கை, அவன் காதை உரசிக்கொண்டு போனது. விழுந்தேன். எழுந்தேன். எனக்கும் அந்த சீட்டு வேண்டும், அதனால் எழுந்தேன். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவன் அடித்தாக வேண்டியிருந்தது. "எய்ந்துக்காதடா, உன் கால்ல வுழறேன், எய்ந்துக்காத," என்று அழுதுகொண்டே அடித்தான். கடைசியில் தரையில் கிடந்தபடி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்.

"குட் ஃபைட்," என்றார் பிரதர். "கை குடுங்க."

கூட்டம் கலைந்த பிறகு மரியம் வந்து உட்கார்ந்து முந்தானையால் என் வாயைத் துடைத்தார். செதில் ஒட்டிய புடவை, உதட்டில் உரசி எரிந்தது. "உனுக்கு அப்பன் கீறான்டா கருவாடு," என்றார். "அவனுக்கு யாரு கீறா?"

 

ராத்திரி வீட்டில் அப்பா விளக்கைத் தூக்கி என் வாயைப் பார்த்தார். "கை ஒடியலியே?"

"ஒடியல நைனா."

"அப்ப திங்கக்கெய்ம வந்துரு."

நிலக்கரி யார்டில் கூடை சுமக்கப் போனேன். சில நாள் லூர்து வீட்டுப் பக்கம் போகவில்லை. பசி மானத்தைவிடப் பெரிய ஆள், பிறகு போனேன். எனக்கு மெல்ல முடியாது என்பதால் மரியம் முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தார். லூர்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து புது இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வருஷம் நான் ஒரு கூட்ஸ் வண்டியில் ஏறினேன். விஜயவாடா, நாக்பூர், எங்கெங்கோ.

திரும்பி வந்தபோது அந்தக் குடிசை வரிசையைக் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பாறாங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். மரியம் எங்கே என்று கேட்டால், பொன்னேரி பக்கம் என்றார் ஒருவர். செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிறது என்றார் இன்னொருவர். லூர்து ஏதோ ஆபீசில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனான் என்று கேள்வி.

கிளினிக்கிலிருந்து ரயில் பிடித்து நேரே ராயபுரம் போனேன். கெபி இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். "இன்னா பெரியவரே, பேரனுக்கு அட்மிஷனா?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஒம்போதாவதுல ஃப்ரீ சீட்டு எத்தினி கீது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஃப்ரீயா? அதெல்லாம் எடுத்துட்டு ரொம்ப வருஷம் ஆவுது. ஒரு சீட்டுகூட இல்ல."