தொடர்கதைக்கு ஓதிய பாத்திஹா

கொழும்புக்குப் பிழைக்கப் போன அத்தாவிடமிருந்து கடிதம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வர வேண்டும் என்று அம்மா கேட்காத தர்கா இல்லை. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குத் தொடர்கதை வாசித்துக் காட்டியதுதான் என் படிப்புக்குக் கிடைத்த உத்தியோகம்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கதையில் ஒருத்தியின் கணவன் கப்பலேறிப் போனவன், தகவலே இல்லை. அவ்வளவுதான், அம்மாவுக்கு அவள் சொந்த மகளாகிவிட்டாள். பஸ்ஸில் பத்திரிகை வந்ததும், "அவளுக்குக் கடுதாசி வந்துச்சா? அதை மட்டும் மொதல்ல சொல்லு" என்பாள். வரவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒரு நாள் அவலும் வெல்லமும் வைத்து, பாத்திஹா ஓதப் பள்ளிவாசல் லெப்பையை வரவழைத்தாள்.

"என்ன நாட்டத்துக்கு ஓதணும்?" என்று கேட்டார் அவர்.

கதவுக்குப் பின்னால் நின்றபடி அம்மா சொன்னாள். "கப்பல்ல போனவரு நல்லபடியாத் திரும்பணுங்க."

"ஒங்க மாப்பிள்ளைதானே?" அத்தாவைத்தான் கேட்டார்.

"இல்லைங்க. தெரிஞ்ச பொண்ணோட மாப்பிள்ளை."

"பேரு?"

அம்மா சொன்னது முருகன் பெயர்களில் ஒன்று. லெப்பை நல்ல மனுஷன், அதற்கும் ஓதிவிட்டுப் போனார்.

அம்மா அதோடு விடவில்லை. பத்திரிகைக்குக் கார்டு எழுது என்று என்னை உட்காரவைத்தாள். "ஐயா, அந்தப் பொண்ணு ரொம்பத் தவிக்குது. அவ புருஷனை ஊருக்கு அனுப்பி வைங்க." எழுதினேன். அவள் தயங்கித் தயங்கி, "அப்படியே ஒங்க அத்தா பேரையும் போடேன். கொழும்புன்னு எழுது" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கதை எழுதுறவருக்கு அத்தாவை எப்படிம்மா தெரியும்? ஊரே சிரிக்கும்!" அந்த வரியை எழுதாமலே கார்டைத் தபாலுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நாலைந்து வாரம் கழித்து, கதையின் கடைசிப் பகுதியில் அவன் வந்துவிட்டான். பெட்டியோடு வாசலில் நின்றான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஐயா நாம கேட்டதைச் செஞ்சுட்டாரு. நாமதான் புள்ள ஒழுங்காக் கேக்கலை" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னொரு கார்டு எழுதட்டுமாம்மா?" என்றேன்.

"கதைதான் முடிஞ்சுபோச்சே."

அத்தா வரவே இல்லை. எந்த எழுத்தாளராலும் ஒருவரைக் கொழும்பிலிருந்து கூட்டிவர முடியாது, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் வந்திருப்பார் என்று நம்பிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன்.